மெடியா மேல எஃப்ஐஆர் போட்டா எந்த செக்‌ஷன்? (நீளமான த்ரெட்)

நண்பர்களே, இது கொஞ்சம் நீளம். அவசரத்துல இருக்கிறவங்க சேவ் பண்ணிட்டு ராத்திரி சாப்பாடு முடிஞ்சு படிங்க. குழந்தைகள் சாவு பற்றிப் பேசுறேன். அதனால கைக்குழந்தையோட தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிற அம்மாக்களும் இப்போ மனசு பாரமா இருக்கிறவங்களும் இதை இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம். தப்பே இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு வர்ற மனநோய் பற்றி எப்போ எழுதினாலும் கீழ ஒரு கமெண்ட் வந்துடும். "பெத்த பிள்ளையைக் கொல்றவ தாயா டாக்டர்? தூக்குல போடணும்." 2018ல் குன்றத்தூர் சம்பவம் நடந்தப்போ நம்ம பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கம் டீக்கடையில் இருந்து அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப் வரைக்கும் இதே பேச்சுதான். அந்த வழக்கில் 2025 ஜூலையில் காஞ்சிபுரம் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. அதை இங்கே கிளறப் போறதில்லை. அந்தக் குடும்பத்தில் மிச்சம் இருக்கிறவங்க நிம்மதியா இருக்கட்டும்.

நான் எடுக்கப் போறது கிட்டத்தட்ட 2,450 வருஷம் பழைய கேஸ். குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் மெடியா.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். மெடியா கோல்கிஸ் நாட்டு இளவரசி. கோல்கிஸ்ங்கிறது இன்றைய ஜார்ஜியாவின் கருங்கடல் கரை. கிரேக்க வீரன் ஜேசன் தங்கக் கம்பளித் தோலைத் தேடி அங்கே வர்றான். மெடியா அவன் மேல காதலாகி, சொந்த அப்பாவை ஏமாத்தி, சொந்தத் தம்பியைக் கொன்னு, அவனோட கிளம்பி வந்துடுறா. கொரிந்த் நகரத்துல குடித்தனம். ரெண்டு பையன்கள். அப்புறம் ஜேசனுக்கு ராஜா கிரியோனோட மகளைக் கட்டிக்கிற வாய்ப்பு வருது. கட்டிக்கிறான். ராஜா மெடியாவைப் பிள்ளைகளோட ஊரை விட்டே போகச் சொல்றார். அவ ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்கிறா. கிடைக்குது.

அந்த ஒரு நாள்ல நடந்தது இதுதான். வழியில வந்த ஏதென்ஸ் ராஜா ஏஜியஸ்கிட்ட முதல்ல அடைக்கலத்துக்குச் சத்தியம் வாங்கிக்கிறா. விஷம் தடவின உடையும் கிரீடமும் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து மணப்பெண்ணுக்கு அனுப்புறா. பொண்ணு எரிஞ்சு சாகுறா. கட்டிப்பிடிச்ச அப்பா ராஜாவும் சாகுறார். கடைசியா தன் ரெண்டு மகன்களையும் கத்தியால கொல்றா. ஜேசன் ஓடி வர்றப்போ சூரியன் அனுப்பின தேர்ல பிள்ளைகளோட உடல்களை ஏத்திக்கிட்டு மேல நிக்கிறா. தொடக்கூட விடலை.

யூரிப்பிடிஸ் இதை நாடகமா அரங்கேற்றினது கி.மு. 431ல், ஏதென்ஸ் திருவிழாப் போட்டியில். மூணு பேர் போட்டி போட்டாங்க, இவருக்கு மூணாவது இடம். இன்றைக்கு முதல் பரிசு வாங்கினவர் நாடகத்தை யாரும் படிக்கிறதில்லை, அது வேற விஷயம். பழைய கதையில பிள்ளைகளைக் கொன்னது கொரிந்த் ஊர்க்காரங்கன்னும் ஒரு வடிவம் உண்டு. ஊர்க்காரங்க காசு கொடுத்து, பழியைத் தாய் மேல திருப்பச் சொன்னாங்கன்னு பழைய உரைக்குறிப்பு ஒண்ணு வம்பு பேசுது. வம்புதான். ஆனா அந்தக் காலத்துலேயே "தாயா செஞ்சிருப்பா?"ன்னு ஒரு கேள்வி இருந்திருக்குன்னு அதுல தெரியுது.

இன்னொரு தகவலும் இங்கே முக்கியம். கி.மு. 451ல் பெரிக்ளிஸ் கொண்டு வந்த சட்டப்படி அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஏதென்ஸ்காரங்களா இருந்தாதான் பிள்ளைக்குக் குடியுரிமை. அயல்நாட்டு மனைவியோட பிள்ளைகளுக்கு ஊர்ல இடமில்லை. ஜேசன் மேடையில் நின்னு "நம்ம பிள்ளைகளோட எதிர்காலத்துக்காகத்தான் ராஜா வீட்ல சம்பந்தம் பண்ணேன்"ங்கிற மாதிரி நியாயம் பேசுறப்போ, பார்த்துக்கிட்டிருந்த ஆண்களுக்கு அது கிறுக்குத்தனமா பட்டிருக்காது. தினசரி வீட்டுப் பேச்சு அது.

சரி, ஏதென்ஸ்ல இவ மேல கேஸ் போட முடியுமா? முடியும், ஆனா நம்ம மாதிரி இல்லை. அங்கே கொலை வழக்கு அரசு நடத்துறதில்லை. செத்தவரோட உறவுக்காரங்கதான் வழக்கு தொடுக்கணும். டிராக்கோ எழுதின கொலைச் சட்டம் கி.மு. ஏழாம் நூற்றாண்டோடது. கி.மு. 409ல் அதைத் திரும்பக் கல்லுல வெட்டி வெச்சாங்க. கொலையில எத்தனை வகையோ அத்தனை இடத்தில் விசாரணை. குடிமகனைத் திட்டமிட்டுக் கொன்னா அரியோபாகஸ் குன்று. தெரியாம கொன்னாலோ, கொல்லப்பட்டவர் அடிமை, அயலார்னாலோ பல்லாடியன். "கொன்னேன், ஆனா சட்டம் அனுமதிச்சது"ன்னா டெல்ஃபினியன். எல்லாம் திறந்த வெளியில. கொலைகாரனோட ஒரே கூரைக்குக் கீழ இருந்தா தீட்டு ஒட்டிக்கும்னு பயம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃப்ரியாட்டோ. ஏற்கெனவே ஒரு சாவுக்காக நாடு கடத்தப்பட்டவன் மேல இன்னொரு கொலைப் பழி வந்தா, அவன் மண்ணுல கால் வைக்கக் கூடாது. அதனால கடலோரத்துல படகுல நின்னுக்கிட்டு வாதாடணும். நீதிபதிகள் கரையில. தம்பியைக் கொன்னுட்டு ஊர் ஊரா போன மெடியாவுக்கு இது பொருத்தமான கோர்ட்டுன்னு எனக்குத் தோணும். தேருக்குப் பதிலா படகு.

உண்மையிலேயே ஒரு பெண் மேல ஏதென்ஸ்ல நடந்த கேஸ் நம்ம கையில இருக்கு. ஆன்டிஃபோன்னு ஒரு பேச்செழுத்தாளர். வழக்கு போடுறவங்களுக்கு உரை எழுதிக் கொடுக்கிறது அவர் தொழில். ஒரு இளைஞன் தன் மாற்றாந்தாய் மேல "என் அப்பாவுக்கு மதுவுல விஷம் வெச்சுக் கொன்னா"ன்னு போட்ட வழக்குக்கு அவர் எழுதின உரை இன்றைக்கும் இருக்கு. மதுவை ஊத்திக் கொடுத்தது வேற ஒரு அடிமைப் பெண். அது வசிய மருந்துன்னு நம்பித்தான் அவ கொடுத்தா. அவளுக்கு அப்போவே சித்திரவதையும் மரண தண்டனையும் முடிஞ்சது. பல வருஷம் கழிச்சு மகன் வளர்ந்து வந்து மாற்றாந்தாயைக் கோர்ட்டுக்கு இழுக்கிறான். அந்த உரையில அவளுக்குக் கொடுக்கிற பட்டப்பெயரைக் கவனிங்க: கிளைடெம்நெஸ்ட்ரா. மகளைப் பலி கொடுத்த கணவன் அகமெம்னனைப் பழி வாங்கிக் கொன்ன, நாடகத்துல வர்ற இன்னொரு தாய். ஆதாரம் மெலிசா இருக்கிற இடத்துல ஒரு நாடகப் பாத்திரத்தோட பெயரைச் சொன்னா போதும், கேட்கிறவங்க மனசுல மிச்சத்தை அவங்களே நிரப்பிக்குவாங்க. இன்றைக்கு டிவி விவாதத்துல "கலிகாலத் தாய்"னு கார்டு போடுறது இதே வேலைதான்.

இப்போ கொரிந்த் வேணாம், நம்ம ஏரியாவுக்கு வாங்க. வேளச்சேரி தாம்பரம் மெயின் ரோட்டுல ஒரு அபார்ட்மெண்ட். பால்கனியில நின்னா சதுப்பு நிலம் தெரியும். பொண்ணு வேற மாநிலம், வீட்டை எதிர்த்து வந்து கல்யாணம் பண்ணிக்கிட்டவ. பிறந்த வீட்டுக் கதவு மூடியாச்சு. கணவன் கம்பெனி முதலாளி மகளோட கல்யாணத்துக்குத் தயாராகிட்டான். வீட்டை நாளைக்குக் காலி பண்ணணும்னு நோட்டீஸ். அப்புறம் நடந்தது மேல சொன்ன அதே கதை. பள்ளிக்கரணை ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் எந்த செக்‌ஷன் போடுவார்?

யோசிக்கவே வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 103(1), நாலு கொலைக்கும். பழைய ஐபிசி 302. மரண தண்டனை அல்லது ஆயுள்.

மணப்பெண்ணோட அப்பா தற்செயலா செத்தார்னு வக்கீல் சொல்லிப் பார்க்கலாம். நிக்காது. அந்த உடையைத் தொடுற எல்லாரும் சாவாங்கன்னு அவளுக்குத் தெரியும், அவரும் சாகணும்னு முன்னாடியே சொல்லிட்டா. அப்படியே தெரியாம இருந்தாலும், ஒருத்தரைக் கொல்ல வெச்ச குறியில இன்னொருத்தர் செத்தாலும் கொலைதான்னு 102 இருக்கு.

மெடியாவோட வக்கீலுக்கு ரெண்டு கதவுதான் இருக்கு.

முதல் கதவு, பிரிவு 22. பழைய 84. அதாவது மனநலக் குறைவு. இதோட வேர் லண்டன்ல இருக்கு. 1843ல் டேனியல் மெக்நாட்டன் பிரதமர் பீலைக் கொல்லப் போய், அவரோட செயலாளரைச் சுட்டுட்டான். தன்னை ஒரு கட்சிக்காரங்க துரத்துறாங்கன்னு அவனுக்கு மாயநம்பிக்கை. விடுதலை ஆயிட்டான், நாடே கொதிச்சது, அதுல பிறந்தது மெக்நாட்டன் விதி. அந்த அளவுகோல்தான் 1860 தண்டனைச் சட்டத்துல நம்ம ஊருக்கும் வந்தது. கேள்வி இதுதான்: அந்த நேரத்துல மனநோயால, தான் செய்றது என்னன்னு தெரியாம இருந்தாரா? அல்லது அது தப்பு, சட்டத்துக்கு விரோதம்னு தெரியாம இருந்தாரா?

"மனசு உடைஞ்சிருந்தது" போதாது. "டிப்ரஷன் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தார்" போதாது. டாக்டர் எழுதுற நோய்ப் பெயர் வேற, சட்டம் கேட்கிற பைத்தியம் வேறன்னு சுப்ரீம் கோர்ட் பல தடவை சொல்லியாச்சு. 1964 குஜராத் வழக்கு ஒண்ணுல கொஞ்சம் இளக்கம் கிடைச்சது. குற்றவாளி தரப்பு இதைச் சந்தேகமே இல்லாம நிரூபிக்க வேண்டியதில்லை, "இப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்"ங்கிற அளவுக்குக் காட்டினா போதும்னு சொன்னாங்க.

மெடியா இந்தக் கதவுல நுழைய முடியாது. தான் செய்யப் போறது எவ்வளவு பெரிய கொடுமைன்னு தனக்குத் தெரியும், ஆனா யோசனையை விடக் கோபம் பலமா இருக்குன்னு நாடகத்துல அவளே பேசுறா. நாலஞ்சு தடவை மனசு மாறி, திரும்ப மாறுறா. அரசு வக்கீலுக்கு வேற சாட்சியே வேண்டாம்.

ரெண்டாவது கதவு, 101ல் இருக்கிற முதல் விதிவிலக்கு. கடுமையான, திடீர்னு வந்த தூண்டுதல்ல நிதானம் இழந்து கொன்னா, அது கொலையா எண்ணப்படாம ஒரு படி குறையும். இதுல "திடீர்"ங்கிற சொல்தான் எல்லாம். 1961ல் நானாவதி வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத்தான் பார்த்தது. கடற்படை அதிகாரி நானாவதிக்கு மனைவி உண்மையைச் சொல்லி, அவர் கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்துச் சுடுற வரைக்கும் சுமார் மூணு மணி நேரம். கோபம் ஆற நேரம் இருந்ததுன்னு ஆயுள் தண்டனையை உறுதி பண்ணாங்க. மூணு மணி நேரத்துக்கே இந்தக் கதின்னா, ஒரு நாள் கேட்டு வாங்கின மெடியா?

அதை விடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. அந்த விதிவிலக்கு தூண்டினவரைக் கொன்னாதான் பொருந்தும், இல்லைன்னா தவறுதலா வேற ஆள் சாகணும். தூண்டினது ஜேசன். செத்தது பிள்ளைகள். பிள்ளைகள் என்ன பண்ணாங்க?

ஆக ரெண்டு கதவும் மூடிடுச்சு. கேஸ் முடிஞ்சது போல இருக்கும். ஆனா இங்கேதான் நம்ம ஊர்க் கதை ஆரம்பிக்குது, நான் இந்த த்ரெட் எழுதுறதே இதுக்காகத்தான்.

பழி வாங்கின பெண்ணுன்னு சொன்னா நமக்குக் கண்ணகி ஞாபகம் வரும். ஆனா மதுரையை எரிக்கிறப்போகூட குழந்தைகளையும் முதியவர்களையும் விட்டுடச் சொல்லித்தான் தீயை ஏவுறா. பிள்ளைகளைக் கொன்ன தாய்னா நமக்கு வேற பெயர்: நல்லதங்காள்.

பெரிய எழுத்துப் புத்தகமா சந்தையில வித்தது, கூத்தா ஆடினது, 1935லயும் 1955லயும் படமா வந்தது. நம்ம பாட்டிமார் அழுதுகிட்டே சொன்ன கதை. புருஷன் ஊர்ல பன்னெண்டு வருஷப் பஞ்சம். ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு நடந்து வர்றா. அண்ணன் ஊர்ல இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துறா. அப்புறம் பச்சை விறகைக் கொடுத்து அடுப்பெரிக்கச் சொல்ற அந்த இடம் கேட்டவங்க யாருக்கும் மறக்காது. நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொண்ணா கிணத்துல போட்டுட்டுத் தானும் விழுந்துடுறா. மூத்த பையன் "என்னை விட்டுடும்மா"ன்னு ஓடுறான், கெஞ்சுறான். அவனையும் பிடிச்சுப் போடுறா. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்துல அவளுக்குக் கோயில் இருக்கு. ஜனங்க கும்பிடுறாங்க.

யோசிச்சுப் பாருங்க. மெடியா செத்த கணக்கு ரெண்டு பிள்ளை. நல்லதங்காள் கணக்கு ஏழு. முன்னவ பேய், பின்னவ தெய்வம். நம்ம மனசு எண்ணிக்கையைப் பார்க்கலை. எதுக்காகன்னு பார்த்திருக்கு. தானும் குதிச்சாளான்னு பார்த்திருக்கு.

ஆனா சட்டம் என்ன பார்த்தது? கிணறு நம்ம கதையில மட்டும் இல்லை, சட்டக் கல்லூரிப் பாடத்துலயும் இருக்கு.

1940, அலகாபாத். கிராமத்துப் பொண்ணு, இருபது வயசுதான். புருஷன் கொடுமை. சண்டை போட்டு அடிப்பேன்னு மிரட்டின ராத்திரி, ஆறு மாசக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டு இறங்குறா. கொஞ்ச தூரம் போனதும் பின்னாடி காலடிச் சத்தம். திரும்பினா புருஷன். பதறிப் போய்ப் பக்கத்துக் கிணத்துல குழந்தையோட குதிச்சுட்டா. குழந்தை போயிடுச்சு, அவ பிழைச்சா. கோர்ட் சொன்னது: கொல்லணும்னு எண்ணம் இல்லை. ஆபத்துன்னு தெரிஞ்சிருக்கும், ஆனா அந்தப் பீதியில அவளைக் கொலைகாரின்னு சொல்ல முடியாது. கொலையாகாத மரணம்னு தண்டனை குறைஞ்சது. தற்கொலை முயற்சி வழக்குலயும் விடுதலை. தப்பிக்கத்தான் குதிச்சா, சாக இல்லைன்னு புரிஞ்சுக்கிட்டாங்க.

1953, மத்திய பாரத் உயர் நீதிமன்றம். இதைக் கேட்டா உங்களுக்குப் புல்லரிக்கும். ஒரு பொண்ணு, மூணு பிள்ளைகள். ஏழு வயசு, அஞ்சு வயசு, ஒன்றரை வயசு. வீட்ல சண்டை. யாரோடன்னா, நாத்தனாரோட. நம்ம கதையில அண்ணி, அங்கே நாத்தனார், உறவு திரும்பியிருக்கு, அவ்வளவுதான். மூணு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போய்க் கிணத்துல குதிக்கிறா. பிள்ளைகள் மூணும் செத்துடுறாங்க, அவ மட்டும் மேல வர்றா.

கோர்ட் இதுல இளகலை. குடும்பச் சண்டை இவ்வளவு பெரிய அபாயத்துக்குக் காரணம் ஆகாது, குதிச்சா பிள்ளைகள் சாவாங்கன்னு தெரியும், அதனால கொலைன்னு தீர்ப்பு, ஆயுள் தண்டனை. அதே தீர்ப்புல நீதிபதிகள் அரசாங்கத்துக்கு ஒரு பரிந்துரையும் எழுதினாங்க: கருணை காட்டி மூணு வருஷமா குறைங்க. கொலைக்குக் குறைஞ்சபட்சத் தண்டனை ஆயுள், அதுக்குக் கீழ போக அவங்க கையில அதிகாரம் இல்லை. நீதி சரின்னு சொன்ன தண்டனை ஒண்ணு, சட்டம் அனுமதிச்ச தண்டனை ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல இருந்த பள்ளத்தை அவங்களே எழுதி வெச்சுட்டுப் போனாங்க.

அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்த்தது நம்ம சென்னை உயர் நீதிமன்றம். 1989ல் வந்த ஒரு தீர்ப்பு "தொடர் தூண்டுதல்"னு ஒரு கருத்தைத் தெளிவா எடுத்து வெச்சது. திடீர்த் தூண்டுதல் வேற, இது வேற. இங்கே ஒரே ஒரு பெரிய சம்பவம் இருக்காது. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா சின்னதும் பெரிசுமா சேர்ந்துகிட்டே வரும். கடைசியா நடந்தது ஒண்ணுமில்லாத விஷயமாகூட இருக்கலாம். குழம்புல உப்பு இல்லைன்னு எறிஞ்ச தட்டா இருக்கலாம் (இந்த உதாரணம் என்னோடது, தீர்ப்போடது இல்லை). வெளியில இருந்து பார்க்கிறவருக்கு "இதுக்கா?"ன்னு தோணும். உள்ளே இருக்கிறவளுக்கு அது ஆயிரத்தோராவது. இது சட்டத்துல எழுதியிருக்கிற விதிவிலக்கு இல்லை, நீதிமன்றங்கள் சேர்த்ததுதான்னு அந்தத் தீர்ப்பே ஒத்துக்குது. இப்படிச் சேர்க்க நேரும்னு சட்டத்தை வடிச்சவங்களே எதிர்பார்த்தாங்கன்னும் சொல்லுது.

சென்னை உயர் நீதிமன்ற வழக்குகள்ல, இப்படி நொறுக்கப்பட்ட பெண்களோட நிலைக்கு ஒரு பெயரும் விழுந்தது. "நல்லதங்காள் சிண்ட்ரோம்". உலகமெல்லாம் மெடியா பெயரை வெச்சு "மெடியா காம்ப்ளெக்ஸ்"னு எழுதிக்கிட்டிருந்தப்போ, நம்ம கோர்ட் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்துல இருந்து ஒரு பெயரை எடுத்துச் சட்டப் புத்தகத்துல ஏத்தியிருக்கு. ஆன்டிஃபோன் கிளைடெம்நெஸ்ட்ரா பெயரைத் தண்டிக்க இழுத்தார். இங்கே ஒரு பெயரைப் புரிஞ்சுக்க இழுத்திருக்காங்க.

எனக்கு இதுல முழு நிம்மதி இல்லை, அதையும் சொல்லிடுறேன். நல்லதங்காளைத் தெய்வமாக்கிக் கும்பிடுற ஊர், ஓடின மூத்த பையனைப் பற்றி அதிகம் பேசுறதில்லை. அவனுக்குச் சாக விருப்பம் இல்லை. "நான் போயிட்டா பிள்ளைங்க அநாதையாயிடும், அதனால கூட்டிட்டுப் போறேன்"ங்கிறது அன்பு மாதிரி கேட்கும். ஆனா பிள்ளை அம்மாவோட கை, கால் மாதிரி இல்லை, தனி உயிர். "குடும்பத்தோட தற்கொலை"ன்னு பேப்பர்ல தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகம் வருவான். ஏழு வயசுப் பிள்ளை தற்கொலை பண்ணிக்கலைங்க, கொல்லப்பட்டிருக்கு.

இப்போ மருத்துவத்துக்கு வர்றேன். 1969ல் ஃபிலிப் ரெஸ்னிக்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர், பெற்றோர் பிள்ளையைக் கொன்ன 131 கேஸ்களைத் திரட்டிக் காரணப்படி அஞ்சு வகையா பிரிச்சார். ஒண்ணு, "பிள்ளையைத் துன்பத்துல இருந்து காப்பாத்துறேன்"னு நினைச்சுச் செய்றது. நம்ம நல்லதங்காள் இங்கே வருவா. இதுதான் இருக்கிறதுலேயே அதிகம். அடுத்தது தீவிர மனநோய்ல. அடுத்தது வேண்டாத பிள்ளைன்னு. அடுத்தது அடி உதை மிஞ்சிப் போறது. கடைசியா துணையைப் பழி வாங்க. மெடியா இங்கே. இந்தக் கடைசி வகை ரொம்பக் கம்மி, அதை அப்பாக்களும் செய்றாங்க. அதாவது ஒரு தாய் இப்படிச் செஞ்சான்னு செய்தி வந்ததும் நாம எல்லாரும் மனசுல எழுதுற எஃப்ஐஆர் மெடியா மேல. புள்ளிவிவரப்படி அவ அங்கே இருக்க வாய்ப்பு குறைவு.

ரெண்டாவது வகையில பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ் இருக்கு. ஆயிரம் பிரசவத்துக்கு 1 அல்லது 2. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு எட்டு, ஒன்பது லட்சம் பிரசவம்னு வெச்சா, 1ன்னு கணக்குப் போட்டாலே 800, 900 பெண்கள். பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துல வரும். தூக்கமே வராது, தூக்கம் தேவையும் படாது. பேச்சு தாறுமாறா போகும். ஒரு மணி நேரம் தெளிவா இருப்பாங்க, அடுத்த மணி நேரம் ஆளே வேற. "இது என் குழந்தை இல்லை, மாத்திட்டாங்க", "குழந்தைக்குள்ள ஏதோ புகுந்திருக்கு", "யாரோ சொல்றாங்க"ன்னு வரும். இது மந்திரிக்கிற விஷயம் இல்லை. பல் வலி மாதிரி காத்திருக்கிற விஷயமும் இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி. நல்லா குணமாகக்கூடிய நோய். நிம்ஹான்ஸ்ல தாயையும் சேயையும் பிரிக்காம சேர்த்தே வெச்சுப் பார்க்கிற தனிப் பிரிவே இருக்கு.

2001ல் ஹூஸ்டன்ல ஒரு தாய் அஞ்சு பிள்ளைகளைக் குளியல் தொட்டியில மூழ்கடிச்சுட்டு, தானே போலீசுக்கு போன் பண்ணா. ஏற்கெனவே இந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்தவ. பிள்ளைகளை நரகத்துல இருந்து காப்பாத்தினதா நம்பினா. 2002ல் ஜூரி குற்றவாளின்னு சொல்லி ஆயுள் கொடுத்தது. அந்த விசாரணையில அரசுத் தரப்பு மனநல நிபுணர், இதே மாதிரி ஒரு டிவி சீரியல் எபிசோட் வந்ததா சாட்சி சொன்னார். அப்படி ஒரு எபிசோட் வரவே இல்லை. அதனாலேயே 2005ல் தீர்ப்பு ரத்து. 2006ல் மறு விசாரணை, மனநோயால குற்றமற்றவர், ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. பிள்ளைகள் அதே அஞ்சு பேர், ஆதாரம் அதே ஆதாரம், தீர்ப்பு நேரெதிர்.

இங்கிலாந்து இதுக்கு 1922லேயே சிசுக்கொலைக்குத் தனிச் சட்டம் போட்டு, 1938ல் திருத்தியது. ஒரு வயசுக்குள்ள இருக்கிற தன் குழந்தையைத் தாய் கொன்னு, பிரசவத்தோட பாதிப்புல அவ மனசு நிலை தடுமாறி இருந்ததுன்னா அது கொலை இல்லை, தனிக் குற்றம். முழுப் பைத்தியம்னு நிரூபிக்க வேண்டியதில்லை.

நமக்கு அது இல்லை. இதுதான் எனக்கு உறுத்துற இடம். மெக்காலே வரைஞ்ச அதே தண்டனைச் சட்டம்தான் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போச்சு. சிங்கப்பூர்ல 310, மலேசியாவுல 309ஏன்னு இந்தத் தனிப் பிரிவை ரெண்டு நாடும் சேர்த்துக்கிட்டாங்க. மூலச் சட்டம் வெச்சிருந்த நாம சேர்க்கலை. 2023ல் சட்டத்தையே மாத்தி, செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாத்தி, 2024 ஜூலை 1ல் இருந்து அமலுக்குக் கொண்டு வந்தோம். அப்பவும் சேர்க்கலை. அதனால தாம்பரத்துல ஒரு சைக்கோசிஸ் தாய் மாட்டினா அவளுக்கும் அதே 103, அதே பிரிவு 22 சல்லடை. அந்தச் சல்லடையில தப்பிக்கணும்னா, சம்பவ நேரத்து மனநிலைக்கு ஆதாரம் வேணும். கைதான முதல் நாள்லேயே மனநல மருத்துவர் பார்த்து எழுதி வெச்சாதான் ஆதாரம். ஆறு மாசம் கழிச்சு, மாத்திரையால தெளிஞ்ச பிறகு பார்த்தா, "நல்லாத்தானே பேசுறாங்க"ன்னுதான் எழுத முடியும்.

ஒரு மாற்றம் நல்லா வந்திருக்கு. 2017 மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்துல இருந்தார்னே எடுத்துக்கணும்னு சொல்லுது. புதிய சட்டத்துல பழைய 309 அப்படியே இல்லை. கிணத்துல இருந்து மேல வந்தவளுக்கு ஒரு வழக்காவது குறைஞ்சது.

நடைமுறையா ஒரே ஒரு விஷயம். வீட்ல புதுசா குழந்தை பெத்தவங்க "எனக்குத் தூக்கமே வரலை, பிள்ளையைப் பார்த்தா பயமா இருக்கு"ன்னு சொன்னா, "எல்லாருக்கும்தான்"னு சொல்லி முடிச்சுடாதீங்க. உட்கார்ந்து கேளுங்க. சாகணும்னு தோணுதா, பிள்ளைக்கு ஏதாவது பண்ணிடுவோமோன்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த எண்ணம் புதுசா முளைச்சுடாது. டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம், இலவசம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துலயும் பார்க்கிறாங்க.

இப்போ பழைய கேஸுக்குத் தீர்ப்பு. நான் நீதிபதியா இருந்தா மெடியாவுக்கு 103தான். திட்டம், அவகாசம், அடைக்கலம், விஷம் எல்லாம் இருக்கு. தூக்கு கொடுக்க மாட்டேன், ஆயுள். தொடர் தூண்டுதல் வாதத்தை முழுசா கேட்டுட்டு, மணப்பெண் வரைக்கும்கூட யோசிப்பேன். பிள்ளைகள் விஷயத்துல அது செல்லாது.

ஜேசன் மேல? முதல் கல்யாணம் இருக்கும்போதே ரெண்டாவது பண்ணதுக்கு 82, ஏழு வருஷம் வரைக்கும். கொடுமைக்கு 85, மூணு வருஷம் வரைக்கும். ஆனா மெடியா புகார் கொடுக்கலை, அதனால எஃப்ஐஆர் இல்லை. கொலை வழக்குக் குற்றப்பத்திரிகையில அவர் பெயர் ஒரே இடத்துலதான் வரும்: அரசுத் தரப்பு சாட்சி 1. பழைய காலத்துல அவர் கூண்டுல ஏறி அழுதுட்டு இறங்கிடலாம். 1989க்குப் பிறகு, மெடியாவோட வக்கீல் எழுந்து அவரைப் பத்து வருஷத்துக்குக் குறுக்கு விசாரணை பண்ணலாம். கோர்ட் அதைச் சம்பந்தமில்லாத கேள்வின்னு தள்ள முடியாது.